நடக்கிற வயது

வயதைக் கணக்குப் போடுகிற வேலையை இரண்டு பேர் இரண்டு தடவை செய்வது மடத்தனம் என்று முதலில் சொன்னவள் பிளாரன்ஸ்தான். அந்த வாயைப் பிறகு அவள் எத்தனையோ முறை நொந்துகொண்டாள்.

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கெமிக்கல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியல் பிளாரன்ஸ் பொறுப்பு. நாற்பது வயதானவர்களை எக்ஸ்ரேக்கு அனுப்பும் பட்டியல், நாசரேத்திலிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்த ஜெயபாய் பொறுப்பு. இரண்டுக்கும் வயது வேண்டும். பிறந்த தேதியைக் கொடுத்தால் முடிந்த வயதைச் சொல்லும் புரோகிராமை பிளாரன்ஸ் ஒரே தடவை எழுதி, மெஷின் படிப்பதற்காகக் கார்டுக்கு ஒரு வரியாக அறுபது அட்டைக் கார்டுகளில் துளை போட்டு, ரப்பர் பேண்டு மாட்டி அலமாரியில் வைத்தாள். யாருக்குத் தேவையோ அவர்கள் அதை எடுத்துத் தங்கள் கார்டுக் கட்டோடு சேர்த்து மெஷினில் ஓட்டிக்கொள்ளலாம். முதல் கார்டில் எழுதியவள் பெயர் இருந்தது.

"இதுல கை வைக்கணும்னா ஒரு வார்த்தை சொல்லிரு ஏளா. நீ இங்கன ஒண்ணைத் தொட்டா அங்கன என் லிஸ்ட்டு மாறிரும்."

"சொல்லாமத் தொடுவேனாக்கா?" என்றாள் ஜெயபாய்.

இருவருமே தற்காலிகம்தான். மாதக் கடைசியில் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. மூத்தவள் பிளாரன்ஸ். வேலை மகளுக்குத்தான் என்று அவள் அம்மா அமலோற்பவம் கோயிலில் பூசைக்கு எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

அப்போதுதான் பாய்லர் பிரிவு ஜேசுபாதம் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"ஏம்மா, எனக்கு அம்பத்தெட்டு நடக்கு, இல்லங்கல. இன்னும் முடியலையே! அதுக்குள்ள வீட்டுக்குப் போன்னு எழுதிட்டீயளே?"

நடக்கு. பிளாரன்ஸுக்குச் சுரீர் என்றது. நம் ஆட்களிடம் வயதைக் கேட்டால் நடக்கிறதைத்தான் சொல்வார்கள். கம்பெனி டாக்டரும் நம் ஆள்தானே? நாற்பது நடக்கிறவர்களையும் சேர்த்து அனுப்பு என்று போன வாரம் அவர் ஜெயபாயிடம் சொன்னபோது பிளாரன்ஸும் பக்கத்தில்தான் இருந்தாள்.

அலமாரியிலிருந்து கட்டை எடுத்துப் பிரித்தாள். கடைசிக்கு முந்தின கார்டு மாறியிருந்தது. வந்த வயதோடு ஒன்றைக் கூட்டு என்றது புதுக் கார்டு. ஜேசுபாதத்தோடு பதினொரு பேருக்கு ஒரு வருடம் முன்னதாகவே ஓய்வுக் கடிதம் போயிருந்தது.

அது கூடப் பெரிதில்லை. கட்டு கீழே விழுந்து கலைந்தால் வரிசைப்படுத்துவதற்காக அதன் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கார்டுக்கு ஒரு புள்ளியாக அந்தக் கோடு ஓடும். வேறு கார்டு நுழைந்தால் அந்த இடத்தில் கோடு அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கட்டில் கோடு அறுந்திருக்கவில்லை. புதுக் கார்டிலும் சரியான இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. மை மட்டும் கொஞ்சம் வேறு நீலம்.

இது ஜெயபாய் வேலைதான். ஒரே டப்பாவில் சோறு தின்றவள்! ஆனாலும் அவளே வாய் திறந்து சொல்லிவிடுவாள் என்று நம்பினாள் பிளாரன்ஸ், பைத்தியக்காரி.

ஜேசுபாதத்தின் புகார் மேலே போக, மறுநாள் காலை ஆபீசர் சங்கரபாண்டியன் கட்டை மேஜையில் வைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது யார் கட்டு?"

"நான் எழுதினது சார். ஆனா இந்த ஒரு கார்டு நான் போட்டதில்ல."

"அப்ப யார் போட்டது?"

பிளாரன்ஸ் ஜெயபாயைப் பார்த்தாள். ஜெயபாய் தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது சார். அது அக்கா கட்டு. எடுத்து ஓட்டுறதோட சரி."

"மை வேற சார், பாருங்க" என்று பிளாரன்ஸ் கார்டை நீட்டினாள்.

"ரெண்டும் நீலம்தானேம்மா" என்றார் அவர். பிறகு முதல் கார்டைப் புரட்டி அவள் பெயரை உரக்கவே வாசித்தார்.

பதினொரு கடிதங்களும் திரும்பப் பெறப்பட்டன. ஜேசுபாதம் பாய்லருக்குப் போனார். நிரந்தர வேலை ஜெயபாய்க்கு என்றாயிற்று. திங்கள்கிழமையிலிருந்து பிளாரன்ஸ் வாசல் கேட் பக்கத்தில் ஆள் வருகை பதிகிற டைம் ஆபீசுக்குப் போக வேண்டும், அங்கேயும் தற்காலிகமாகவே. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அந்தக் குழி இத்தனை சின்னதாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஜெயபாய் அழுதுகொண்டே பக்கத்தில் வந்தாள்.

"வேணும்னு செய்யலக்கா. டாக்டர் அவசரப்படுத்தினாரு. ஒண்ணைக் கூட்டினாப் போதும்னு நெனச்சேன்."

"அந்த ஒண்ணை உன் கட்டுல கூட்டியிருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்திருக்காதே ஏளா."

"தெரியாமப் போச்சுக்கா."

"சரி, அது தெரியாமன்னே வச்சுக்கிடுவோம். கோடு அறுந்து தெரியக் கூடாதுன்னு இடம் பாத்துப் புள்ளி வச்சியே, அது?"

பஸ் வந்தது. பிளாரன்ஸ் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள்.