டௌவே வாங்கிய சவுண்ட் கார்டு

டௌவேக்குக் காது இருந்தது. ஊரில் மற்றவர்களுக்கு இருந்தது வெறும் ஓட்டை. இதை அவனே சொல்வான், காபி குடிக்க வருகிற ஒருவரையும் விடாமல் சொல்வான்.

அவன் மனைவி ஹிஸ்கே இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். அவள் ஊர் பேண்டில் பாரிட்டோன் வாசித்தாள். மடியில் தூக்கி வைத்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம் அது. வீட்டுக்குள் அதை எடுக்கவே கூடாது என்பது டௌவேயின் உத்தரவு. மாட்டுக்காரர்கள் ஊதுகிற சத்தமாம், அவன் காது கெட்டுவிடுமாம். ஆகவே தோட்டத்துச் சைக்கிள் கொட்டகையில், கோட்டைப் போட்டுக்கொண்டு, விரல் விறைக்க விறைக்க ஊதிப் பழகினாள். மார்ச்சில் மாகாணப் போட்டி. அதில் பேண்ட் வாசிக்கிற பாட்டின் நடுவில் வரும் மெட்டை அவள் தனியாக வாசிக்க வேண்டும். குளிரில் உதடு வெடித்து, நீளமான சுரம் ஒவ்வொன்றும் பாதியில் உடைந்தது. இப்படியே போனால் அந்த மெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மாடியில் கதகதப்பான அறை ஒன்று இருந்தது. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், எதிரே டௌவே மட்டும் உட்காரலாம் என்கிற ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து அவன் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டதாக ஹிஸ்கேக்கு நினைவில்லை. முதல் அரை நிமிஷத்தையே திரும்பத் திரும்பப் போட்டு, கண்ணை மூடி, மூக்கைச் சுளிப்பான். அதற்குப் பெயர் ரசனை.

டிசம்பரில் அவனுக்குப் புது ஞானம் பிறந்தது. பாட்டைச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சவுண்ட் கார்டு, கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிந்து வருவது, குப்பையாம். உள்ளே ஓடுகிற விசிறியின் இரைச்சல், மின்சாரத்தின் முணுமுணுப்பு எல்லாம் பாட்டோடு கலந்து வருகிறதாம். வெளியே தனியாக வைக்கிற சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிவந்தான். உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி, நீல விளக்கு. இதற்கா இந்தக் கூத்து என்று ஹிஸ்கே நினைத்துக்கொண்டாள்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டிலிருந்தும் ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுத்தான். அதிலுள்ள குமிழை இந்தப் பக்கம் திருகினால் உள்ளே இருக்கிற கார்டு, அந்தப் பக்கம் திருகினால் பெட்டி. குமிழுக்குக் கீழே ‘பழையது’, ‘புதியது’ என்று முத்து முத்தாக எழுதிச் சீட்டும் ஒட்டினான். முதல் நாள் மாற்றி மாற்றித் திருகிப் பழையதை வாய்க்கு வந்தபடி திட்டினான். இன்னொரு தடவை திட்டலாம் என்று பழையதற்குத் திருப்பியபோது, சூப் ஆறுகிறது என்று ஹிஸ்கே கீழேயிருந்து கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டு வந்தான்.

அன்றிலிருந்து ‘பழக்குவது’ ஆரம்பமானது. இப்படிக் கருவிப் பைத்தியம் பிடித்த கூட்டத்தாரின் சம்பிரதாயம் அது. புதுக் கருவியை வாரக்கணக்கில் ஓடவிட்டால்தான் அதற்குத் தொண்டை திறக்குமாம். அறையில் இரவும் பகலும் பாட்டு ஓடியது. ஹிஸ்கே தன் வீட்டிலேயே பூனை மாதிரி நடந்தாள். தினமும் காலையில் அவன் உள்ளே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வந்து அறிக்கை விடுவான். நேற்று அடிக்குரல் இறங்கியிருக்கிறது, இன்று வயலினின் மரமே கேட்கிறது என்பான். இன்டர்நெட்டில் எழுதுவான். அவனைப் போலவே வேலையற்றவர்கள் வாழ்த்துச் சொல்வார்கள்.

போட்டி முடியும்வரை சாயங்காலம் ஒரு மணி நேரம் அறையைத் தரச் சொல்லி ஹிஸ்கே கேட்டாள். வாய்விட்டுத்தான் கேட்டாள், கெஞ்சவில்லை.

"பேண்டுக்கா? நல்லா இருக்கே கதை" என்றான் டௌவே. "அந்தப் பழைய கார்டுதான் நல்லா இருக்குன்னு என் வாயால சொல்ற அன்னிக்கு நீ அறையை எடுத்துக்கோ."

அவன் பிறந்தநாளுக்கு முந்தின தினம் அவள் தூசி தட்ட மாடிக்குப் போனாள். ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கும்போது குமிழைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தாள். குமிழின் கோடு ‘பழையது’ பக்கம் நின்றது. அதன் மேல் தூசி கலையாமல் படிந்திருந்தது. சூப் குடிக்கப் போன அன்று நின்ற இடம்! இத்தனை வாரமாக இந்த மனுஷன் உருகி உருகிக் கேட்டது அவன் காறித் துப்பிய அதே கார்டை. ஹிஸ்கே தலையில் அடித்துக்கொண்டாள். குமிழைத் தொடாமல் கீழே இறங்கினாள்.

மறுநாள் பிறந்தநாளுக்கு வந்தவர்கள், ஊர் வழக்கப்படி, எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்தி, தலைக்கு ஒரு துண்டு ஆரஞ்சுக் கேக்கை வாங்கிக்கொண்டு, மாடி அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். டௌவே எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னான். ஒரு பெண்ணின் பாட்டு ஓடியது. அவள் மூச்சு வாங்குவது கேட்கிறதா, உதடு பிரிவது கேட்கிறதா, இதுதான் புதுப் பெட்டி என்று உருகினான். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டிக் குமிழைத் திருகினான்.

"இப்பப் பழசு. கேளுங்க. தகர டப்பா. அவ தலையில யாரோ சாக்கைப் போட்டுக் கட்டின மாதிரி இல்ல?"

ஹிஸ்கேயின் தம்பி கெர்பன் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவன். தனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது என்றான்.

"மச்சான், உனக்கு மாடு கத்துறதே போதும்" என்றான் டௌவே.

"அப்போ முதல்ல கேட்டதுதான் உசத்தியா?" என்று கேட்டாள் ஹிஸ்கே.

"செவிடனுக்குக்கூடத் தெரியும்."

"சரி. குமிழுக்குக் கீழ என்ன இருக்குன்னு படி."

டௌவே குனிந்தான். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தான். கோடு ‘புதியது’ பக்கம் நின்றது.

"சீட்டை மாத்தி ஒட்டியிருக்கு" என்றான்.

ஹிஸ்கே எழுந்து போய்க் கறுப்புப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். நீல விளக்கு அணைந்தது, பாட்டும் நின்றது. குமிழைப் ‘பழையது’ பக்கம் திருகினாள். அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, உதடு பிரித்து, மேலே பாடினாள். கெர்பன் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

ஹிஸ்கே பாட்டை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குப் போய் பாரிட்டோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பித்தளை ஜில்லென்று இருந்தது. டௌவே அதற்குள் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் எதிரே வந்து நின்றாள்.

"எழுந்திரு. நான் உக்காந்து வாசிக்கணும்."

"அப்போ நான் எங்க போறது?"

"கொட்டகை காலியாத்தான் இருக்கு" என்றாள் ஹிஸ்கே. "கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ."