ஆறு உடுப்பும் ஒரு பேரும்

அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தங்கையின் இடது புறங்கையில் வைத்து அழுத்தினாள். தவறிப் பட்டுவிட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டாள். தவறிப் பட்டது என்றால் அழுத்துவானேன்? மூன்று எண்ணுகிற நேரம் வைத்திருந்தாள். பொசுங்கிய நாற்றம் தையலறை முழுக்கப் பரவிய பிறகுதான் எடுத்தாள்.

தங்கை கேட்டது ஒன்றும் பெரிய ராஜ்ஜியம் இல்லை. "இந்த வாட்டியாவது ஷோ ஃபாரத்துல என் பேரையும் போடுக்கா" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்கு இந்தச் சூடு.

"பேரு வேணுமா உனக்கு, பேரு? உன் பதினோரு வயசுல அம்மா உன்ன என் தலையில கட்டிட்டுப் போய்ச் சேந்தா. படிப்பை விட்டு உன்ன வளத்தேன். இப்ப பங்கு கேக்குறியா?"

வளர்த்தாள் என்பது உண்மை. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதே அக்கா, தையல் கோணினால் மரஸ்கேலால் முழங்கை மூட்டிலேயே அடிப்பாள், சத்தம் போட்டால் இன்னொன்று வைப்பாள். தங்கைக்கு இப்போது இருபத்தேழு வயது. அடி மட்டும் நிற்கவில்லை.

கடைக்கு வெளியே பலகையில் அக்கா பெயர். உடுப்பின் கழுத்துப் பட்டியில் அக்கா பெயர். உள்ளே வரைவது, வெட்டுவது, தைப்பது, பிரித்துத் திரும்பத் தைப்பது எல்லாம் தங்கை. அக்காவின் வேலை பேசுவது. சும்மா சொல்லக்கூடாது, அக்கா பேசினால் கல்லும் இரண்டு கவுன் வாங்கிக்கொண்டு போகும். ஆனால் ஒரு கொக்கியை ஒழுங்காக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்!

அன்றைக்குத்தான் தேர்வு. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பெரிய ஃபேஷன் ஷோ அது. அறுபது எழுபது டிசைனர்கள் விண்ணப்பித்தால் பன்னிரண்டு பேர் மேடை ஏறுவார்கள். ஏறியவர் பெயர் ஊரெல்லாம் தெரிந்துவிடும். ஆறு உடுப்புகளையும் கொண்டுபோய்த் தேர்வுக் குழுவின் முன்னால் காட்ட வேண்டும். அந்த ஆறையும் எட்டு மாதம் கண்விழித்துத் தைத்தவள் தங்கை. தன் பெயர் ஒரு முறை, ஒரே ஒரு முறை, தன் உடுப்பின்மேல் இருக்க வேண்டும். இந்த ஆசைதான் அவளை அந்த எட்டு மாதமும் நிமிர்த்தி வைத்திருந்தது.

கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, துண்டுத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டாள். அழவில்லை. ஆறு உடுப்புகளையும் உறையில் போட்டு வண்டியில் ஏற்றினாள். வழியெல்லாம் அக்கா உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டே, "மருந்து வாங்கித் தரேன், மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத" என்றாள்.

தேர்வு நடந்த இடம் ஒரு பழைய கிடங்கு. வாசல் கதவில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. போன வருஷம் மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றுவதற்குள் நேரமாகிப்போய், ஒரு மாடல் முதுகுப் பக்கம் திறந்தபடியே நடந்து மானம் கப்பலேறிவிட்டதாம். அதனால் இந்த வருஷம் ஒரு சோதனை. ஐந்தாவது உடுப்பிலிருந்து ஆறாவது உடுப்புக்கு மாடலைத் தொண்ணூறு விநாடியில் மாற்ற வேண்டும். படிவத்தில் பெயர் இருப்பவரே, தன் கையால், தனியாக மாற்ற வேண்டும். உதவியாளர் தொட்டால் தகுதி போச்சு.

படித்து முடித்ததும் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஐந்தாவது உடுப்பு, சாம்பல் நிற நீளக் கோட்டு. தங்கையின் ஆசைப் பிள்ளை அது. பித்தான் கிடையாது, ஜிப் கிடையாது, எங்கே திறக்கும் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. இடது கையைத் தலைக்குமேல் தூக்கினால்தான் அக்குளுக்குக் கீழே மடிப்பில் ஒரு நாடா தெரியும். அதை ஒரே இழுப்பு இழுத்தால் பக்கம் முழுக்கப் பொத்தென்று விட்டுக்கொள்ளும். அதே நாடா கழுத்துப் பட்டிக்குள்ளும் ஓடுகிறது. முதுகைப் பிடித்து இழுத்தால் கழுத்து இறுகும்.

அக்கா அவளை நடைவழியின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அந்தச் சாம்பல் கோட்டு எங்கடி திறக்கும்?"

"பேரைச் சேத்துக்கோ, சொல்றேன்."

"ஃபாரம் குடுத்தாச்சுடி."

"அவங்ககிட்ட வாயால சொல்லு. ரெண்டு பேரும் சேந்து பண்ணினதுன்னு சொல்லு. போதும்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே துணி சுற்றிய கையைப் பிடித்துத் திருகினாள். தங்கைக்குக் கண் இருண்டது. சுவரில் சாய்ந்து, உதட்டைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. அந்தப் பக்கமாகப் போன இரண்டு டிசைனர்கள், பாவம் தேர்வுப் பதற்றம் போல என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"சொல்லுடி."

"மாட்டேன்."

இந்த ஒரு சொல்லை அவள் வாழ்க்கையில் அதுவரை அக்காவிடம் சொன்னதே இல்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா கையை உதறினாள். "போடி! என்ன பெரிய கம்பசூத்திரம். எல்லாத் துணியும் பின்னாடிதான் திறக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உடுப்புத் தொங்கும் கம்பி ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு தங்கை பின்னால் போனாள்.

நீள மேசைக்குப் பின்னால் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர், மொட்டைத் தலை, சிரித்தால் பல் தேய்ந்துவிடும் என்ற பயம் உள்ளவர் போல இருந்தார். ஓரத்தில் கைக்கடிகாரத்தோடு குமாஸ்தா. உதவியாளர்கள் சுவரோரம் நிற்க வேண்டும். மாடலாக வந்த பெண் ஒட்டடைக்குச்சி மாதிரி அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி.

முதல் நான்கு உடுப்புகளையும் போட்டு நடந்து காட்டினாள். தலைவர் விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார். தையலைப் பார்த்த கண் அப்படியே நின்றது.

"யார் தச்சது?"

"ஒவ்வொரு தையலும் என் கைதான் சார்" என்றாள் அக்கா.

ஐந்தாவது, சாம்பல் கோட்டு. மாடல் அதைத் தலைவழியாகப் போட்டு, நாடா தானாக இறுகி உட்கார, நடந்து திரும்பி வந்து நின்றாள். குழுவில் ஒருவர் தன்னையறியாமல் கை தட்டினார். அப்போது தலைவர் விரலை உயர்த்தினார். "மாத்துங்க."

குமாஸ்தா கடிகாரத்தை அமுக்கினார்.

அக்கா முதுகில் தேடினாள். ஒன்றுமில்லை. தோளில் தேடினாள். ஒன்றுமில்லை. விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தாள், இடுப்பில் மாட்டியது. பின்கழுத்தைப் பிடித்து இழுத்தாள். கழுத்துப் பட்டி இறுகியது.

"மெதுவா மேடம்" என்றாள் மாடல்.

இன்னும் வெறியாக இழுத்தாள். மாடலின் கண் பிதுங்கியது. "மூச்சு... மூச்சு முட்டுது..." என்று கழுத்தில் விரலை நுழைக்கப் பார்த்தாள். பட்டிக்குள் நகம்கூட நுழையவில்லை.

"இருபத்தஞ்சு" என்றார் குமாஸ்தா.

அக்கா பையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்தாள். துணி வெட்டும் கத்தரி, முழங்கை நீளம். பட்டிக்கும் தோலுக்கும் நடுவில் முனையைச் செருகினாள். முனை காதுக்குப் பின்னால் கிழித்துக்கொண்டு போயிற்று. மாடல் அலறினாள். ரத்தம் சாம்பல் துணியில் இறங்கி ஓடியது. குழுவில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அக்கா திரும்பவும் கத்தரியை ஓங்கினாள்.

தங்கை ஓடினாள். பெயரும் இல்லை, படிவமும் இல்லை, ஒரு பெண்ணின் கழுத்து மட்டும்தான் அந்த நேரம் அவள் கண்ணில் இருந்தது. வெந்த கையாலேயே கத்தரியைப் பிடித்தாள். அக்கா கத்தரியை மூடினாள். துணிக்கட்டோடு உள்ளங்கை பிளந்தது.

"விடுக்கா!"

"தள்ளிப் போடி நாயே! என் ஷோவக் கெடுக்க வந்தியா!"

அக்கா அவள் மயிரைப் பிடித்துத் தலையை ஸ்டாண்டின் கம்பியில் மோதினாள். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை மோதுவதற்குள், தங்கை தலையைத் திருப்பி நெற்றியால் அக்காவின் மூக்கில் முட்டினாள். கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. பதினாறு வருஷத்து மரஸ்கேல் அடியெல்லாம் அந்த ஒரு முட்டலில் இருந்தது. அக்கா மல்லாந்து விழுந்தாள்.

தங்கை மாடலின் இடது கையைத் தூக்கினாள். நாடாவை இழுத்தாள். கோட்டு பக்கம் திறந்து, கழுத்தும் தளர்ந்து, காலடியில் விழுந்தது. மாடல் மீனைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். கை சும்மா இருக்குமா? பழகிய கை. ஆறாவது உடுப்பை எடுத்து, தலைவழியாக மாட்டி, இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டது.

"எண்பத்தாறு" என்றார் குமாஸ்தா.

தலைவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எல்லாத் தலையும் ஆடியது.

"உடுப்பு பாஸ். செலக்‌ஷன் ஆயாச்சு."

"சார், இது நான் பண்ணினது" என்றாள் தங்கை. கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "வரைஞ்சது, வெட்டினது, தச்சது எல்லாம் நான். நீங்களே பாத்தீங்க. என் பேரைப் போடுங்க."

"பாத்தேம்மா. ஆனா ஃபாரத்துல யார் பேர் இருக்கோ அந்தப் பேர்தான் எங்களுக்கு. திருத்த முடியாது. ஒரே குடும்பம்தானே, மத்ததை வீட்ல போய்ப் பேசிக்கோங்க."

"உதவியாளர் தொடக்கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?"

"நல்ல உடுப்பு. அதுக்காக விட்டுக்குடுக்கறோம்" என்று பெரிய மனசு பண்ணினார் மொட்டையர்.

உடைந்த மூக்கோடு அக்கா தவழ்ந்து வந்தாள். தங்கையின் காலைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் ரத்தம், நடுவில் சிரிப்பு. "ஜெயிச்சுட்டோம்டி! என் கண்ணு! நம்ம ஜெயிச்சுட்டோம்டி!"

அந்தச் சிரிப்பில் பொய் கிடையாது, உண்மையான சந்தோஷம்தான். அதுதான் தங்கையால் தாங்க முடியாமல் போயிற்று. இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

கீழே கிடந்த கத்தரியை வலது கையில் எடுத்தாள்.

ஸ்டாண்டில் தொங்கிய முதல் உடுப்பை மேலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டினாள். தையலில் வெட்டினால் திரும்பத் தைத்துவிடலாம், அது அவளுக்குத் தெரியும். அதனால் துணியின் நடு வயிற்றில் வெட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. எட்டு மாதம் கண்ணெதிரே தொங்கிக் கிழிந்தது.

"ஏய்! ஏய்! அது செலக்ட் ஆன உடுப்பு!" என்று தலைவர் எழுந்தார். கத்தரியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாடல் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். விரலில் ரத்தம். ஆறாவது உடுப்பை அவளே கழற்றி, உள்ளுடுப்போடு நின்று, அதைக் கைநீட்டிப் பிடித்தாள்.

"இதையும் வெட்டுங்க."

வெட்டினாள்.

மிச்சம் சாம்பல் கோட்டு. அதை அக்கா வாரியெடுத்துத் தன்மேல் சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள். "என்னை வெட்டிட்டு அப்புறம் இதை வெட்டுடி! வெட்டுடி பாப்போம்!"

தங்கை அவள் முதுகின்மேல் முழங்காலை வைத்தாள். கத்தரியின் முனையைக் கழுத்துப் பட்டிக்குள் விட்டாள். அக்காவின் அலறல் பாதியில் நின்றது. இரும்பு பின்கழுத்தில் குளிர்ந்து, தண்டுவடத்தோடு இறங்கியது. ஓர் அழுத்தம் போதும், எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும். அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, கைவரை வந்தது. கத்தரி அதே சீராக, அவசரமில்லாமல், கழுத்திலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து விளிம்புக்குப் போயிற்று. கோட்டு இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் விழுந்தது. அக்காவின் ரவிக்கையில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

அக்கா எழுந்திருக்கவில்லை. முகத்தைத் தரையில் வைத்தபடியே, சின்னப் பிள்ளை மாதிரி விசித்தாள்.

"இனி நான் என்னடி பண்ணுவேன்?"

தங்கையும் அழுதாள். அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக. "தெரியலக்கா" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை.

தலைவர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார். "செலக்‌ஷன் ரத்து. அடுத்தவங்களக் கூப்பிடுங்க."

கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுத் தங்கை குமாஸ்தாவிடம் போனாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"அடுத்த வருஷத்துக்குப் பேர் குடுக்கணும்."

"அதுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கும்மா. உடுப்பும் ஒண்ணுகூட இல்லையே?"

"தச்சுக்கறேன். பேரை மட்டும் இப்பவே எழுதிக்கோங்க."

அவர் தலைவரைப் பார்த்தார். பிறகு மேசையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். அழுகையில் பாதி எழுத்துதான் வெளியே வந்தது.

"சரியாக் கேக்கலம்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரும்பவும் சொன்னாள். இந்த முறை வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.