கூடம் கோணல்தான்

அந்த வருஷம் ஷேல்ட்டன் கூடைப்பந்து அணி போன ஊரிலெல்லாம் ஜெயித்தது, மார்ட்டின்வில் ஒன்றைத் தவிர. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களுக்குள் நடந்த லீக். ஊழ்வினையோ என்னவோ, கோப்பை யாருக்கு என்று தீர்க்கும் கடைசி ஆட்டமும் மார்ட்டின்வில் கூடத்திலேயே வந்து விழுந்தது.

அந்த ஆட்டத்தன்று காலை லுட்விக் புரோஹாஸ்கா ரொட்டியைத் தொடவே இல்லை. அந்தக் காலத்தில் எதிராளி யாரை இடித்தாலும் அதற்குக் கிடைக்கும் தனி எறியை அணியில் ஒரே ஆள்தான் எறிவான். ஷேல்ட்டனுக்கு அந்த ஆள் லுட்விக். சொந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். மார்ட்டின்வில்லில் மட்டும் பந்து வளையத்தைத் தாண்டிப் போய் விழும்.

"அந்த வளையத்துல ஏதோ கோளாறு இருக்கு" என்றான், அணியை நடத்திய சாராயக்கடை மல்ஹெர்னிடம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இன்னிக்கும் கோட்டை விட்டேன்னா அடுத்த வருஷம் டிரெண்டன்லேர்ந்து வேற ஆளு வரான். நீ மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு சுரங்கத்துக்கே போயிடு."

சுரங்கம் லுட்விக்குக்குப் புதிதல்ல. பதினொரு வயதில் இறங்கியவன். வெளியே வந்து பகல் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய பிறகு மறுபடி இறங்குவதற்குத்தான் பயந்தான்.

பயத்தைவிட அவனிடம் குடைச்சல் அதிகம். ஏன் தவறுகிறது? மத்தியான டிராமிலேயே அணியின் நெட்டையன் க்விலிமை இழுத்துக்கொண்டு மார்ட்டின்வில்லுக்குக் கிளம்பிவிட்டான்.

கூடம் காலியாகக் கிடந்தது. நடுவில், பந்து வெளியே போகாதபடி ஆட்டக்காரர்களை அடைக்கும் கம்பிக்கூண்டு. சுற்றிலும் மேலே மரப் பால்கனி. அதன் கைப்பிடியிலேயே வளையத்தை முடுக்கியிருந்தார்கள். லுட்விக் எறிந்தான். விழுந்தது. மறுபடி எறிந்தான். அதுவும் வளையத்துக்குள் விழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

"பேய் மத்தியானம் தூங்குது போல" என்றான் க்விலிம்.

அப்போது ஆட்டம் முடிந்து நடக்கும் நடனத்துக்கு வாசிக்க வேண்டிய பேண்டுக்காரர்கள் மேலே வந்தார்கள். பெரிய ஊதுகுழலும் பெரிய தொப்பையுமாக சீகன்ஃபஸ் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். மற்றவர்களும் சாய்ந்தார்கள்.

"என்ன ஷேல்ட்டன், தோக்கறதுக்கு ஒத்திகையா?"

லுட்விக் எறிந்தான். பந்து வளையத்தைத் தாண்டியது.

அவன் கைப்பிடியை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "ஐயா, கொஞ்சம் பின்னால உட்காருங்களேன்" என்றான். உட்கார்ந்தார்கள். பந்து விழுந்தது. "இப்ப எட்டிப் பாருங்க." தாண்டியது.

"யோவ், உட்காரு, எழுந்திருன்னு மாதாகோயில் பூசை வைக்கிறியா? இவனுக்கு மரை கழண்டு போச்சுடா!" என்று சீகன்ஃபஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வளையத்துக்கு அடியில் நின்ற க்விலிம் ஓடி வந்து காதில் சொன்னான். "டேய், அவங்க சாஞ்சா வளையம் ரெண்டு விரல் இறங்குதுடா!"

கைப்பிடி பழசு, பாரம் ஏறினால் வளைந்தது. மார்ட்டின்வில்காரர்களுக்கு அந்த வளையம் கையில் படிந்துபோன பழக்கம். கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

அன்று மாலை பால்கனி பிதுங்கியது. லுட்விக் எறிய வரும்போதெல்லாம் ஊரே கைப்பிடியில் தொங்கிக்கொண்டு கூச்சல் போட்டது. அவன் ஒரு இழை மெதுவாகப் போட்டான். எல்லாம் விழுந்தன. மல்ஹெர்ன் திறந்த வாயை மூடவில்லை.

புள்ளிக் கணக்கு சமமாக நிற்க, கடைசி மணி அடிக்கப்போகும் நேரத்தில் க்விலிமை ஒருவன் கம்பியோடு சேர்த்து மோதினான். தனி எறி. போட்டால் கோப்பை.

கோட்டில் நின்று லுட்விக் அண்ணாந்து பார்த்தான். இடப்பக்கம் இருந்தவர்கள் நம்பிக்கை விட்டுத் தலையில் கைவைத்துப் பின்னால் சரிந்திருந்தார்கள். வலப்பக்கம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வளையம் ஒருபக்கமாகக் கோணி நின்றது. அதற்கு அவனிடம் அளவு இல்லை. உட்காரு என்றால் இந்தக் கூட்டம் கேட்குமா?

மண்டியிட்டான். பந்தின் வாயைத் தைத்திருந்த தோல்கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"என்னப்பா அது?" என்றார் நடுவர்.

"தளர்ந்திருக்குங்க" என்று வாய் கூசாமல் சொன்னான். குனிந்து, கையால் மறைத்து, முடிச்சை ஆற அமரப் போட்டான்.

"என்னடா பண்றான் அவன்?"

"தாயத்து வைக்கிறான்டா!"

"தள்ளுய்யா, நான் பார்க்கணும்!"

இடப்பக்கம் எழுந்தது. பால்கனி முழுவதும் கைப்பிடி மேல் கவிழ்ந்தது. லுட்விக் எழுந்து, மூச்சைப் பிடித்து, ஒரு இழை மெதுவாகப் போட்டான்.

விழுந்தது.

மல்ஹெர்ன் கம்பிக்கூண்டின் மேலேயே ஏறிவிட்டார். "அடுத்த வருஷமும் நீதாண்டா எறியறே! அதுக்கடுத்த வருஷமும்!" லுட்விக்குக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

நடனம் தொடங்குமுன் சீகன்ஃபஸ் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. அந்தக் கயித்துல என்ன வச்சே?"

லுட்விக்குக்கு நாக்கு அரித்தது. அடுத்த வருஷமும் இங்கேதான் வந்து ஆட வேண்டும்.

"மேலேர்ந்து நீங்கதானே பார்த்தீங்க?"

"பார்த்தேன்யா! இருக்கற தொப்பையெல்லாம் கைப்பிடியில அமுக்கி, விழுந்துடற மாதிரி குனிஞ்சு பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியலையே!"