ஓவர்லாக் பார்க்கப் போன ஞாயிறு

வாரத்துக்கு ஒரே லீவு. அன்றைக்கும் மிஷின் முகத்திலேயே விழிக்க வேண்டியிருந்தது மனோன்மணிக்கு. ஹெப்பாள் கார்மெண்ட்ஸில் பதினோரு வருடமாக, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள்.

"வீட்டுக்கே ஒண்ணு வாங்கிட்டா கம்பெனி பஸ் ஏற வேணாமில்ல" என்று, கணவன் பழனிதான் மண்டி மொஹல்லா தையல் மிஷின் கடைக்கு இழுத்து வந்திருந்தான்.

தைத்துப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் துணியை நீட்டினார். மிதியில் கால் பட்டதுதான் தெரியும், நான்கு ஓரமும் அடித்து முடித்திருந்தாள். முடித்ததும் வலது கை தானாக மேலே போனது.

"என்னம்மா வேணும்?" என்றார் அவர்.

தண்ணீர் குடிக்கப் போக சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்கிற கை அது. மனோன்மணி மெல்ல இறக்கிக்கொண்டாள்.

"இது வேணாங்கண்ணா. மெதுவா ஓடுற மிஷின் இருந்தா காட்டுங்க."