கபீரின் லென்ஸ், என் கேமரா

கேமராவின் உடம்பு என்னுடையது. அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸ் அகமது கபீருடையது. இப்படி ஒரு கூட்டுக் குடித்தனத்தை உலகத்தில் வேறு எந்தக் கிறுக்கனும் நடத்தியிருக்க மாட்டான்.

நான் தென்காசி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கபீர் ரியாத்தில் கடை வைத்திருந்துவிட்டுக் கடையநல்லூருக்குத் திரும்பியவர். லென்ஸ் எங்கள் இருவருக்கும் மூத்தது. குழாய்போல வெளியே இழுத்து, டக்கென்று பூட்டும்வரை திருகினால்தான் படம் ஒழுங்காக விழும். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிட்டால் சட்டைப் பையில் அடங்கும்.

தள்ளலாம்தான், வேறு கேமராவாக இருந்தால். என் கேமராவுக்குள் வெளிச்சம் அளக்க, கொசுக்கால் மாதிரி ஒரு சின்னக் கை நிற்கிறது. லென்ஸ் முழுசாக உள்ளே போனால் அது முறிந்துவிடும். முறிந்தால் ஜப்பானிலிருந்து ஆள் வர வேண்டும். அவரும் பார்த்துவிட்டு அழுதுகொண்டேதான் விமானம் ஏறுவார்.

கபீரிடம் இதைக் கோடி முறை சொல்லிவிட்டேன். குடையை மடக்குகிற மாதிரி, அவர் கை தானாகவே லென்ஸை மடக்கப் போகும்.

"தள்ளாதீரும்வே! கேமரா செத்துப்போவும்!"

"நீட்டிக்கிட்டே கெடந்தா எதுலயாச்சும் இடிச்சுக் கோணிப்போவும்லா? எம் மாமனாரு கல்யாணத்துக்குத் தந்தது ஓய்."

"அதுக்கு எங் கேமராவக் கொல்லுவீரோ?"

"ஒம்ம கேமராவுக்கு அவ்வளவு நோஞ்சான் ஒடம்புன்னா டானிக் வாங்கி ஊத்தும்."

சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்குக் கிளம்பினோம். என் மனைவி சங்கரேஸ்வரியும் வந்தாள். இந்த மனுஷனை நம்ப முடியாதென்று, முதல் நாளே லென்ஸ் குழாயைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வளையமாக ஒட்டிவிட்டேன். மின்கம்பத்துக்குக்கூட அவ்வளவு டேப் சுற்றியிருக்க மாட்டார்கள். இனி எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் உள்ளே போகும். கொசுக்கால் பிழைத்தது!

கபீருக்கும் பரம திருப்தி. பாதியாவது மடங்குகிறதே. சாரலில் நனைந்தபடி சங்கரேஸ்வரியை அருவிக்கு முன்னால் நிறுத்தி ஒரு ரோல் முழுவதையும் எடுத்துத் தீர்த்தார். நான் வளையத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன். அது நகரவில்லை.

பிலிமைக் கழுவியதும் படங்கள் வந்தன. எல்லாமே பாயசத்துக்குள் விழுந்த மாதிரி இருந்தன.

சங்கரேஸ்வரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "இதுல நான் எது, பாறை எது?"

விஷயம் இதுதான்: மனுஷர் லென்ஸைப் பாதி மடக்கியபடியே எல்லாப் படத்தையும் எடுத்திருக்கிறார். இந்த வகைக் கேமராவில் நாம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் தனி, லென்ஸ் தனி. லென்ஸ் தூங்கினாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும்.

"இழுத்துப் பூட்டணும்னு தெரியாதாவே ஒமக்கு?"

"பாதி மடக்கலாம்னு வளையம் போட்டுத் தந்தது யாரு? பக்கத்துலயே காவக்காரன் மாதிரி நின்னீருல்லா, பாத்துச் சொல்ல என்ன?"

"நான் கேமராவப் பாத்தேன்!"

"நான் லென்ஸப் பாத்தேன்!"

"ரெண்டு பேரும் என்னைப் பாக்கல" என்று சொல்லிவிட்டு சங்கரேஸ்வரி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுவாரம் கபீர் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளியோடு வந்தார். உள்ளே துண்டை மெத்தையாக விரித்திருந்தார். லென்ஸை இழுத்து, டக்கென்று பூட்டி, கேமராவை அதில் நிமிர்த்தி உட்கார வைத்தார். மூடிக்கும் லென்ஸுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது. அவருடையது எதிலும் இடிக்காது, என்னுடையது எதனாலும் குத்துப்படாது. குறை கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ முயன்றேன். கிடைக்காத எரிச்சலோடு மறுபடியும் குற்றாலம் பஸ் ஏறினேன்.

வாளியைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தார் கபீர். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கறிக்குழம்பா?"

"ஆமா தம்பி. சிந்தாமக் கொண்டுபோவணும்."

"மூடி லேசாத் தூக்கிக்கிட்டு நிக்குதுல்லா. இருங்க, நல்லா அமுக்கி வுடுதேன்."

"அமுக்காத!"

ஜென்மத்தில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம். டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.