ஓட்டை இலை

எங்கள் மருமகளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "இலை அரைக்கிறேன்" என்பாள். இதற்கா இத்தனை வருஷம் படித்தாய் என்று நானும் கேலி செய்வேன். ஆனால் லேசான வேலை இல்லை அது. சின்னச் சின்னக் குழி வைத்த தட்டில் உயிருள்ள செல்களை வளர்ப்பார்கள். சீண்டிவிட்டால், அடிபட்ட இடம் வீங்குகிற மாதிரி அவையும் கொந்தளிக்கும். அப்புறம் இலைச்சாற்றைச் சொட்டு விட்டுச் சோதிப்பார்கள். கடைசியில் நிறம் காட்டும் மருந்தை ஊற்றும்போது கெட்டி மஞ்சளாக நின்றால் கொந்தளிப்பு அடங்கவில்லை. மஞ்சள் வெளிறினால் அடங்கிவிட்டது.

முதல் தடவை நன்றாக வெளிறியது. அவளுடைய பெரிய மேடமே எழுந்து வந்து பார்த்தாராம். "இதையே இன்னொரு தடவை காட்டு, உன் பேர்ல தனி ஆராய்ச்சியா எடுத்துக்கலாம். இல்லன்னா மாசக் கடைசியோட இந்தச் செடிக்கு ஒரு கும்பிடு போட்டுடு" என்று சொல்லிவிட்டார்.

அவள் இலை பறித்த செடிகள் இருப்பது எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளில். சேதி கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். தையல் கடையை மூடியதிலிருந்து அவருக்குக் கை சும்மா இருக்காது. காலையும் மாலையும் தண்ணீர், எரு, ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பு. எனக்கு ஒரு தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் இல்லை, அந்தச் செடிக்கு விசிறிவிடாத குறைதான்! இலைகள் தளதளவென்று வந்தன.

மருமகள் அவற்றைப் பறித்து, நிழலில் உலர்த்தி, அரைத்துச் சோதித்தாள். கெட்டி மஞ்சள். மறுபடியும் செய்தாள். அதே மஞ்சள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். முதல் தடவை மிச்சம் வைத்த காய்ந்த இலையையும் புது இலையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று நிமிர்ந்தாள். பழைய இலை முழுக்க ஓட்டை.

"மாமா, முன்னாடி செடியில புழு இருந்துச்சா?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "இருந்துச்சாவா? பச்சைப் பச்சையா மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சும்மா! ஒண்ணு விடாம இடுக்கியால பொறுக்கி எறிஞ்சிட்டேன்ல. இப்ப பாரு, கஞ்சி போட்ட சட்டை மாதிரி இருக்கு இலை."

மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று பதறி ஓடினேன். பார்த்தால், சிரிக்கிறாள்!

"புழு கடிச்சா செடிக்குக் கோபம் வரும் மாமா. அந்தக் கோபத்துலதான் நமக்கு வேண்டிய சரக்கைச் சுரக்குதுபோல. நீங்க செல்லம் கொடுத்துச் சோம்பேறியாக்கிட்டீங்க."

"அது சரி. உன் புருஷனை இவ வளர்த்த மாதிரி" என்று அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

இப்போது புழுவுக்கு எங்கே போவது? எதிர்வீட்டு டீச்சரிடம் இதே செடி உண்டு. வீட்டுக்காரர் நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

"டீச்சரம்மா, உங்க வீட்டுல புழு இருக்குமா?"

"யாருங்க அப்படிச் சொன்னது? தினம் ரெண்டு தடவை தொடைக்கிற வீடு இது!"

நான் ஓடிப்போய் விஷயத்தை விளக்கியதும், டீச்சர் ஒரு டப்பா நிறையப் புழுவோடு வந்துவிட்டார். "எங்க புழு நல்லாச் சாப்பிடும், பாத்துக்குங்க" என்று பெருமை வேறு.

ஒரு தொட்டியில் புழுவை விட்டோம். இன்னொன்றை அப்படியே வைத்தோம். வீட்டுக்காரர்தான் தவித்துப்போனார். "ஐயோ, தளிரைத் தின்னுதே!" என்று மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். இடுக்கியை நான் அரிசி டின்னுக்குள் ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று.

சோதனை நாளன்று போன் அடித்தது. காதில் வைப்பதற்குள் கத்தினாள்.

"வெளிறிடுச்சு அத்தை! ஓட்டை இலை வெளிறிடுச்சு, முழு இலை மஞ்சளாவே நிக்குது! மேடம் ரெண்டையும் பாத்துட்டு, தனி ஆராய்ச்சிதான், இன்னைக்கே ஆரம்பின்னுட்டாங்க!"

வீட்டுக்காரர் போனைப் பிடுங்கினார். "அப்ப என் முட்டி வீக்கத்துக்கு இதை அரைச்சுப் போடலாமாம்மா?"

"போடாதீங்க மாமா! கொந்தளிப்பு அடங்கினது தட்டுல இருக்கிற செல்லுக்கு. உங்க முட்டிக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்."

"பரவாயில்ல, காத்திருக்கேன்" என்றவர் போனை என் கையில் திணித்துவிட்டு மாடிக்கு ஓடினார். முட்டிவலிக்காரர் ஓடுகிற ஓட்டமா அது! ஒரு குருவி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து புழுவைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது.

"ஏய், போ அந்தப் பக்கம்!" என்று துண்டை வீசினார். "எங்க வீட்டுப் பிள்ளைங்க மேல வாய வச்சே, தெரியும் சேதி!"