கேதீஸ்வரியின் ஐஸ் ஹொக்கி நேர்த்தி

கனடாவிலிருக்கும் தம்பி ஏற்றிவிட்ட பைத்தியம் அது. எப்போதும் கடைசி இடத்தில் கிடக்கும் அவனுடைய ஊர் ஐஸ் ஹொக்கி அணி, இந்த முறை எப்படியோ கிண்ணச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டது. எப்படியும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடும் என்ற தைரியத்தில் பெரியகல்லாற்றிலிருக்கும் கேதீஸ்வரி, ஊர் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். அணி போட்டியில் இருக்கும்வரை வீட்டில் மீன், நண்டு என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை.

அணியோ சுற்றுக்குச் சுற்று வென்றுகொண்டே போனது. வாவியில் வலை வீசும் கணவன் சுதாகரன், பிடித்த நண்டையெல்லாம் விற்றுவிட்டுப் பூசணிக்காய் தின்றான்.

"எதிராளி வெல்லோணுமெண்டு நானும் ஒரு நேர்த்தி வைக்கப்போறன்."

"வைச்சுப் பாருங்க. மறுகா பூசணிக்காயும் கிடையாது."

இறுதிப் போட்டி காலையில் கைப்பேசியில் ஓடியது. ஆட்டம் சமநிலை. இனி முதலில் கோல் போடுபவருக்குத்தான் கிண்ணம். அன்றைய நண்டுகளை விற்காமல் கொண்டுவந்திருந்த சுதாகரன், "தோத்துத் துலையட்டும்" என்று முணுமுணுத்தபடி அவளருகே அமர்ந்தான்.

கறுப்பு வட்டு பனித்தரையில் சறுக்கிப் போய் எதிரணியின் வலைக்குள் பாய்ந்தது. கேதீஸ்வரி வாய் திறப்பதற்குள் பக்கத்தில் ஓர் அலறல். கதிரைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான் சுதாகரன்.

"தோக்கட்டுமெண்ட ஆள்தானே நீங்க?"

"அந்தப் பொடியன் அடிச்ச அடியப் பாத்தியா புள்ள? அவனப் போய்த் தோக்கச் சொல்லேலுமா?"

நேர்த்தி தீர்ந்தது. அவள் சிரித்துக்கொண்டே நண்டுகளைக் குசினிக்குக் கொண்டுபோனாள். அவன் மட்டும் கைப்பேசியை விடவில்லை.

"இஞ்ச, அடுத்த போட்டி எப்பயாம்?"

"ஒக்டோபர்ல."

"அதுவரைக்கும் என்னத்தப் பாக்குறது?" என்றான் சுதாகரன், உண்மையான கவலையோடு.